‘இல்லை’ என்றால் எது இல்லை?

மருத்துவமனையிலிருந்து நம் வீடுகளுக்கு வரும் காகிதங்களில், பரிசோதனை அறிக்கையைப் போல் ஆவலோடும் அச்சத்தோடும் பிரிக்கப்படுவது வேறொன்றில்லை. பிரித்தவர் முதலில் தேடுவது ஒரே ஒரு சொல்லைத்தான். ‘உண்டு’ என்று எழுதியிருக்கிறதா, ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறதா? ‘இல்லை’ என்று கண்டுவிட்டால் நெஞ்சு குளிர்ந்துவிடுகிறது. காகிதமும் அலமாரிக்குள் போய்விடுகிறது. எது இல்லை என்று கேட்பவர் மிகக் குறைவு.

இருபதாண்டுகளுக்கும் மேலாக நுண்ணோக்கியின் முன் அமர்ந்து அத்தகைய அறிக்கைகளை எழுதிவரும் நோய்க்குறியியல் மருத்துவர் நான். அந்தக் கேள்வியை நம் இல்லங்கள் கேட்கப் பழகவேண்டும் என்னும் விருப்பத்தால்தான் இதை எழுதுகிறேன். எடுத்துக்கொண்ட பொருள், சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் அதைக் கண்டறிய உதவும் சிறுநீர் உயிரணுப் பரிசோதனையும். நாலுபேர் முன்னிலையில் பேசக் கூச்சப்படும் பொருள்தான். அந்தக் கூச்சமே பலரை மருத்துவரிடம் தாமதமாகக் கொண்டுவந்து சேர்க்கிறது என்பதால் சற்று விரிவாகவே பேசுகிறேன்.

உலக அளவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 2 இலட்சத்து 20 ஆயிரம் பேர் இதனால் இறந்தனர் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. பெண்களைவிட ஆண்களை மூன்று மடங்குக்கும் அதிகமாக இது பற்றுகிறது. முதற்காரணம் புகை. புகையிலுள்ள நச்சுப்பொருள்கள் நுரையீரல் வழியே இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தால் வடிகட்டப்பட்டு, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தங்குகின்றன. அதன் உட்பூச்சை ஆண்டுக்கணக்கில் அரித்து மாற்றுகின்றன. சாயத் தொழிலும் இன்னொரு காரணம். ஜெர்மனியில் சாயத் தொழிற்சாலைப் பணியாளர்களிடம் இப்புற்று தோன்றுவதை லுட்விக் ரேன் என்னும் அறுவை மருத்துவர் 1895லேயே எடுத்துரைத்தார். நைல் நதி பாயும் எகிப்தில் ஒரு குருதிப்புழு காரணமாயிற்று. அப்புழுவை 1851இல் கெய்ரோவில் கண்டவர் தியோடர் பில்ஹார்ஸ். அவர் பெயராலேயே அந்நோய் நெடுங்காலம் வழங்கப்பட்டது.

இந்நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் ஒன்றே: வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம் தென்படுவது. ஒரு நாள் வரும், மறுநாள் மறைந்துவிடும். மறைந்தவுடன் நாமும் மறந்துவிடுகிறோம்.

நீரைப் பார்த்து நோயறியும் கலை

சிறுநீரைப் பார்த்து நோயை அறிய முயல்வது புதிய வழக்கமன்று. இப்னு சீனா தம்முடைய ‘அல்-கானூன்’ என்னும் மருத்துவ நூலில், சிறுநீரின் நிறம், தெளிவு, மணம், அடியில் படியும் படிவு என்று ஒவ்வொன்றையும் பகுத்து எழுதியிருக்கிறார். கண்ணும் மூக்கும் மட்டுமே கருவிகளாக இருந்த காலம் அது. அந்த அடிப்படிவில் உதிர்ந்து கிடக்கும் உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்த்துப் புற்றுநோயை அறியலாம் என்பதை ஒரு முறையாக வகுத்துக்காட்டியவர், கிரேக்கத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜார்ஜ் பாப்பனிக்கொலாவு. விக்டர் மார்ஷல் என்னும் சிறுநீரியல் மருத்துவரோடு சேர்ந்து 1945இல் அவர் இதை வெளியிட்டார். பெண்களின் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் செய்யும் ‘பாப்’ பரிசோதனை இவர் பெயரால் வந்ததுதான்.

வேலை சொல்வதற்கு எளிது. சிறுநீரை வேகமாகச் சுழற்றினால் உயிரணுக்கள் அடியில் தங்கும். அவற்றைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமிட்டு, நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறோம். நல்ல உயிரணுவில் உட்கரு சிறியதாக, வழுவழுப்பான ஓரத்தோடு நடுவே அமைதியாக இருக்கும். வீரியம் மிகுந்த புற்று உயிரணுவில் உட்கரு பருத்து, ஏறக்குறைய உயிரணு முழுவதையும் அடைத்துக்கொள்ளும். மை கொட்டியதுபோல் கறுத்திருக்கும். அதன் ஓரம் கோணல்மாணலாக நெளிந்திருக்கும். அப்படிப்பட்ட உயிரணுக்கள் பத்துப் பதினைந்து ஒன்றாய்த் தென்பட்டால் ஐயத்துக்கு இடமே இல்லை.

இடர்ப்பாடு இந்த இரண்டுக்கும் இடைப்பட்டவற்றில்தான். சிறுநீரகக் கல் உரசினாலும், கிருமித்தொற்று இருந்தாலும், குழாய் பொருத்தியிருந்தாலும், கதிர்ச் சிகிச்சை பெற்றிருந்தாலும் உயிரணுக்கள் உருமாறும். அவை நல்லவையும் அல்ல, தீயவை என்று சொல்லவும் துணிவு வராது. அத்தகையவற்றுக்கு ‘இயல்பு பிறழ்ந்த உயிரணுக்கள்’ என்று எழுதுவது எங்கள் வழக்கம்.

நான் இத்துறைக்கு வந்த நாட்களில் இந்த ஒரு தொடரைப் படித்த இடத்திற்கு ஓர் அர்த்தமாகப் பார்த்திருக்கிறேன். ஒரு மருத்துவர் இதை எழுதினால் ‘பெரும்பாலும் கல்லாக இருக்கும்’ என்று பொருள். இன்னொருவர் எழுதினால் ‘புற்றுநோயேதான், ஆனால் கையொப்பமிடத் தயக்கம்’ என்று பொருள். அறிக்கையைப் பெறும் சிறுநீரியல் மருத்துவரோ, எழுதியவரின் கையெழுத்தைப் பார்த்துத்தான் சொல்லின் எடையை நிறுத்துக்கொள்வார். ஊர் மாறிச் சென்ற நோயாளிக்கு அந்த வசதியும் இல்லை. ஒரே தகட்டுக்கு ஓர் ஊரில் அச்சமும் அடுத்த ஊரில் ஆறுதலும் கிடைத்தன.

பாரிஸில் பிறந்த பொதுமொழி

கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு 1988இலேயே ‘பெத்தெஸ்டா முறை’ என்னும் பொதுவான அறிக்கை மொழி அமைந்துவிட்டது. சிறுநீர்ப் பரிசோதனைக்கு அத்தகைய முயற்சி 2013ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸ் நகரில் நடந்த பன்னாட்டு உயிரணுவியல் மாநாட்டில் தொடங்கியது. அதன் விளைவாக 2016இல் ‘பாரிஸ் முறை’ நூல் வடிவம் பெற்றது. 2022இல் திருத்திய இரண்டாம் பதிப்பு வெளிவந்தது.

அம்மாநாட்டில் கூடியவர்கள் முதலில் தங்களையே கேட்டுக்கொண்ட கேள்வி, இந்தப் பரிசோதனையால் எதைக் கண்டுபிடிக்க முடியும் என்பதே. வீரியம் மிகுந்த புற்று தசைக்குள் ஊடுருவும், உயிரைப் பறிக்கும். அதன் உயிரணுக்கள் எளிதில் உதிர்வதோடு, உதிர்ந்தவை கண்ணுக்கும் தெளிவாகப் புலப்படுகின்றன. வீரியம் குறைந்த கட்டி பெரும்பாலும் உட்பூச்சோடு நின்றுவிடும். ஆனால் அதன் உயிரணுக்கள் நல்லவற்றைப் போலவே தோன்றும். ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டி நூல் இதை எண்களில் சொல்கிறது: வீரியம் மிகுந்தவற்றில் 100க்கு 84ஐ இப்பரிசோதனை காட்டிக்கொடுக்கிறது, வீரியம் குறைந்தவற்றில் 100க்கு 16ஐத்தான் காட்டுகிறது.

ஆகவே பாரிஸ் முறை தன் முழுக் கவனத்தையும் வீரியம் மிகுந்த புற்றின்மீது வைத்தது. போதிய மாதிரி இல்லை, வீரியம் மிகுந்த புற்று இல்லை, இயல்பு பிறழ்ந்தவை, வீரியம் மிகுந்த புற்று என ஐயம், வீரியம் மிகுந்த புற்று உண்டு. இவையே முதன்மையான படிகள். ஒவ்வொரு படிக்கும் அளவுகோலும் வைத்தார்கள். ‘இயல்பு பிறழ்ந்தவை’ என்று எழுதவேண்டுமானால், உட்கரு உயிரணுவில் பாதியளவையேனும் அடைத்திருக்க வேண்டும். அதோடு கறுத்த நிறம், நெளிந்த ஓரம், திரண்ட உட்பொருள் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கவேண்டும். ‘உண்டு’ என்று சொல்ல, உட்கரு பத்தில் ஏழு பங்கு அளவுக்குப் பெருத்திருப்பதை முதற்பதிப்பு வரையறுத்தது. அத்தகைய உயிரணுக்கள் ஐந்து முதல் பத்தாவது தேவை என்றது. கல்லாலோ தொற்றாலோ உருமாறியவை என்று தெளிவாகத் தெரிந்தால், அவற்றை ‘இல்லை’ என்ற படியிலேயே சேர்க்கச் சொன்னது.

இரண்டாம் பதிப்பில் வந்த ஒரு திருத்தத்தை மட்டும் வாசக அன்பர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன். முதற்பதிப்பில் வீரியம் குறைந்த கட்டிக்குத் தனியாக ஒரு படி இருந்தது. இப்போது அது, ‘வீரியம் மிகுந்த புற்று இல்லை’ என்ற படிக்குள்ளேயே அடக்கப்பட்டுவிட்டது. அப்படியானால், ‘இல்லை’ என்று சொல்லும் அறிக்கையைக் கையில் வைத்திருப்பவருக்கு, வீரியம் குறைந்த கட்டி ஒன்று இருக்கவும் கூடும்.

அளவுகோலை அளந்த கதை

புதிய முறை வந்துவிட்டது என்பதற்காக அதை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. எங்கள் பரிசோதனைக்கூடத்தில் பழைய தகடுகளை எடுத்தோம். பின்னர் திசுப் பரிசோதனையால் முடிவு தெரிந்தவர்களின் தகடுகள் மட்டும். பெயரையும் பழைய அறிக்கையையும் மறைத்துவிட்டு, நானும் ஒரு சக மருத்துவரும் தனித்தனியே அமர்ந்து புதிய அளவுகோலின்படி மீண்டும் படித்தோம். பின்பு மூன்றையும் ஒப்பிட்டோம்: அன்று எழுதியது, இன்று எழுதியது, திசு சொன்ன உண்மை.

பயன் கண்கூடாகத் தெரிந்தது. ‘இயல்பு பிறழ்ந்தவை’ என்ற குவியல் சுருங்கியது. அதிலிருந்தவற்றில் பல ‘இல்லை’ என்ற பக்கம் நகர்ந்தன. சில ‘ஐயம்’ என்ற படிக்கு ஏறின. வெளிநாட்டுப் பரிசோதனைக்கூடங்கள் பலவற்றிலும் இதே போக்கு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் குறையும் தெரிந்தது. தெளிவான நன்மையிலும் தெளிவான தீமையிலும் நாங்கள் இருவரும் ஒன்றாகவே நின்றோம், இடைப்படியில்தான் முரண்பட்டோம். உட்கரு பாதியை அடைத்திருக்கிறதா, பாதிக்குச் சற்றுக் குறைவா என்பதைக் கண்ணால் நிறுக்கும்போது மனிதருக்கு மனிதர் வேறுபடுவது இயல்பே. அளவுகோல் பொதுவாகிவிட்டது, அதைப் பிடிக்கும் கைகள் இன்னும் பலவாகவே இருக்கின்றன.

இரண்டாம் பதிப்பு ஒவ்வொரு படிக்கும், வீரியம் மிகுந்த புற்று பின்னர் உறுதிப்படும் வாய்ப்பைத் தொகுத்துத் தருகிறது. ‘உண்டு’ என்ற படியில் 100க்கு 76 முதல் 100 வரை. ‘ஐயம்’ என்ற படியில் 59 முதல் 94 வரை. ‘இயல்பு பிறழ்ந்தவை’ என்ற படியில் 24 முதல் 53 வரை. ‘இல்லை’ என்ற படியிலும் 8 முதல் 24 வரை. கடைசி எண்ணைக் கண்டு திடுக்கிட வேண்டாம். இவை பெரும்பாலும் ஏற்கெனவே நோய்க்குறி இருந்து, மேற்கொண்டு சோதிக்கப்பட்டவர்களைக் கொண்டு கணக்கிட்டவை. வீதியில் நடமாடும் எல்லோருக்கும் பொருந்துபவை அல்ல. எனினும் ஒன்றை அவை உறுதியாகச் சொல்கின்றன: படிகள் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. இந்த முறையின் மதிப்பு அதில்தான் இருக்கிறது. எந்த ஊரில் எழுதினாலும், எந்த ஊரில் படித்தாலும், சொல்லுக்கு ஏறத்தாழ ஒரே எடை.

பெரிய வாப்பாவின் அறிக்கை

இத்தனையும் அறிந்திருந்த எனக்கு, அந்த அறிவை வீட்டுக்குள் பயன்படுத்த வேண்டிய நாள் ஒன்று வந்தது. கீழக்கரையில் துணிக்கடை நடத்தி ஓய்ந்திருந்த என் பெரிய வாப்பாவுக்கு அப்போது வயது 68. நாற்பதாண்டு காலம் சிகரெட் பழக்கம் உடையவர்கள். ஒரு நாள் பஜ்ருத் தொழுகைக்கு ஒளூச் செய்யப் போன இடத்தில் சிறுநீர் சிவந்திருக்கக் கண்டார்கள். யாரிடமும் சொல்லவில்லை. உடற்சூடு என்று தாமே தீர்மானித்து, இளநீரும் பார்லி நீருமாகக் குடித்தார்கள். சில வாரங்களில் மீண்டும் கண்டபோதுதான் பெரிய உம்மாவிடம் சொன்னார்கள். பெரிய உம்மா எனக்குச் சொன்னார்கள்.

சிறுநீர் மாதிரி எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கே வந்தது. உறவினர் என்பதால் என் கண்ணை மட்டும் நம்பாமல் சக மருத்துவரையும் பார்க்கச் செய்தேன். இருவரும் கண்டது ஒன்றே. அறிக்கையில், ‘வீரியம் மிகுந்த புற்று இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். சிறுநீரியல் மருத்துவரோ, அறிக்கை எப்படியிருப்பினும் சிஸ்டாஸ்கோபி என்னும் உள்நோக்கிப் பரிசோதனை செய்தாக வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்.

பெரிய வாப்பா மறுத்துவிட்டார்கள். “என் மகள் கையெழுத்துப் போட்ட காகிதமே ‘இல்லை’ என்கிறது. அதற்கு மேல் குழாய் விட்டுப் பார்ப்பானேன்? இந்த வயதில் எனக்கு அந்த வெட்கம் எதற்கம்மா?” என்றார்கள். வீட்டிலுள்ளவர்களும் அதே மகிழ்ச்சியில் இருந்தார்கள். மச்சான் ஒருவர், “நீயே எழுதிவிட்டு நீயே பயமுறுத்துகிறாயே!” என்று சிரித்தார்.

என் நிலை விந்தையாக இருந்தது. நான் எழுதியது சரி. அதில் ஓர் எழுத்தையும் மாற்றவேண்டியதில்லை. ஆனால் அந்தச் சரியான சொல்லே அவர்களைத் தவறான இடத்தில் நிறுத்தியிருந்தது. என் கையெழுத்தின்மீது அவர்கள் வைத்திருந்த அன்பையும் நம்பிக்கையையும் கொண்டே, அந்தக் காகிதத்தின் எல்லையை உணர்த்த வேண்டியிருந்தது. பாரிஸ், அளவுகோல், விழுக்காடு என்று பேசியிருந்தால் ஒன்றும் ஏறியிருக்காது. அவர்கள் அருகில் அமர்ந்து கேட்டேன்:

“பெரிய வாப்பா, நம் கடைக்கு ஒருவர் வந்து, ‘பட்டு இருக்கிறதா?’ என்று கேட்கிறார். பட்டு தீர்ந்துவிட்டது, ‘இல்லை’ என்கிறீர்கள். அவர் வெளியே போய், ‘அந்தக் கடையில் துணியே இல்லை’ என்று சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா?”

“அதெப்படி? அவர் கேட்டது பட்டைத்தானே!”

“இந்தக் காகிதத்திலும் கேட்டது ஒன்றைத்தான். அது இல்லை என்று நான் சொல்லியிருக்கிறேன். இரத்தம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை இந்தக் காகிதத்திடம் யாரும் கேட்கவில்லை; கேட்டாலும் இதற்குத் தெரியாது. உள்ளே பார்த்தால்தான் தெரியும்.”

சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, “ஆண் மருத்துவர்தானே?” என்று கேட்டார்கள். “ஆம்” என்றேன். “சரி, இன்ஷா அல்லாஹ் போவோம்” என்றார்கள்.

உள்நோக்கியில், சிறுநீர்ப்பையின் ஒரு பக்கச் சுவரில் சிறு பூவைப் போன்ற கட்டி ஒன்று தெரிந்தது. அறுவை மருத்துவர் அதே வழியாகவே அதை அகற்றினார். திசுப் பரிசோதனை, வீரியம் குறைந்தது, உட்பூச்சைக் கடக்கவில்லை என்றது. மூன்று மாதத்தில் மீண்டும் உள்நோக்கிப் பார்த்தார்கள். அதன் பின்னரும் தவணை தவறாமல் பார்த்துவருகிறார்கள். இத்தகைய கட்டி மீண்டும் முளைக்கும் தன்மையுடையது என்பதால் இந்தக் கண்காணிப்பை விடமுடியாது. சிகரெட்டை விட்டுவிட்டார்கள். என் அறிக்கையும் சரியாகவே இருந்தது, கட்டியும் இருந்தது. இரண்டுக்கும் இடையே முரண்பாடு இல்லை.

நாம் கேட்கவேண்டியவை

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் இந்தச் சிறுநீர்ப் பரிசோதனை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அதுவும் சரியன்று. வீரியம் மிகுந்த புற்றிலேயே கட்டியாக எழாமல் உட்பூச்சில் தட்டையாகப் படர்ந்து கிடக்கும் ஒரு வகை உண்டு. உள்நோக்கியின் கண்ணுக்கு அது தப்பிவிடலாம். உதிர்ந்த உயிரணுக்கள் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றின் கண்ணுக்குப் படாதது மற்றதன் கண்ணுக்குப் படுகிறது. அதனால்தான் மருத்துவர்கள் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

வாசகச் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் சில சொற்கள். சிறுநீரில் ஒரே ஒரு முறை இரத்தம் தென்பட்டாலும், வலி இல்லாவிட்டாலும், தானாக நின்றுவிட்டாலும், மருத்துவரிடம் செல்லுங்கள். பெண்கள் இதை மாதவிலக்கு என்றோ நீர்க்கடுப்பு என்றோ எண்ணித் தள்ளிப்போட வேண்டாம். பெண்களுக்கு இந்நோய் குறைவாகவே வருகிறது, ஆனால் வராமல் இல்லை. உயிரணுப் பரிசோதனைக்கு விடியற்காலை முதல் சிறுநீர் ஏற்றதன்று. இரவெல்லாம் தேங்கிக் கிடந்து உயிரணுக்கள் சிதைந்திருக்கும். அதன்பின் கழியும் நீரைத் தாராளமாகப் பிடித்து, தாமதமின்றிக் கொடுங்கள். கல், தொற்று, முன்பு செய்த சிகிச்சை இவற்றை விண்ணப்பத் தாளில் எழுதச் சொல்லுங்கள். நுண்ணோக்கியின் முன் இருப்பவருக்கு அது பாதி வெளிச்சம். ‘இயல்பு பிறழ்ந்தவை’ என்று வந்தால் புற்றுநோய் என்று அழவும் வேண்டாம், ஒன்றுமில்லை என்று மடித்து வைக்கவும் வேண்டாம். அடுத்த சோதனை எப்போது என்று கேளுங்கள்.

‘இல்லை’ என்று வந்தால் மகிழுங்கள். மகிழ்ந்துவிட்டு மருத்துவரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: “எது இல்லை என்கிறது இந்தக் காகிதம்? அப்படியானால் இரத்தம் ஏன் வந்தது?” இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்கும்வரை அந்த அறிக்கையை அலமாரிக்குள் வைக்காதீர்கள்.